அழித்ததாகச் சான்றளிக்கிறேன்

அத்தியாயம் 17

போன வாரம் நம் கதாநாயகன் ஸ்டிக்கரை ஒரு கவளம் தொண்டையில் சிக்கிய நிலையில் விட்டுவிட்டு வந்தோம். நல்லவேளை, தண்ணீர் குடித்துப் பிழைத்துக்கொண்டான். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அக்கா சொன்னது மட்டும் இன்னும் கீழே இறங்கவில்லை.

“என் பழைய கம்ப்யூட்டர் பெட்டியைக் கொடுத்துட்டதா படிவத்துல நானே கையெழுத்துப் போட்டிருக்கேன்டா. இன்னிக்கு ஃபைல்ல பார்த்தேன். போட்ட ஞாபகமே சுத்தமா இல்ல.”

ஞாபகம் இருக்க நியாயம் இல்லை. போட்டவன் எதிரே உட்கார்ந்து சோறு விழுங்கிக்கொண்டிருந்தான்.

இந்த வாரம் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. பல்கலைக்கழகக் கணினி மையத்தில், பழைய கம்ப்யூட்டர்களை மாற்றிக் கொடுக்கும் பிரிவு என்று ஒன்று உண்டு. அந்தப் பிரிவு மொத்தமும் ஸ்டிக்கர் ஒருவன்தான். பெட்டி மேல் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினால் தொடாதே என்று அர்த்தம். மஞ்சள் என்றால் உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும். பச்சை என்றால் அழித்தாகிவிட்டது, அடுத்தவருக்குக் கொடுக்கலாம். அம்மா அவனுக்கு வைத்த பெயரை இப்போது சம்பளப் பட்டியல் மட்டும்தான் உபயோகிக்கிறது.

வேலை என்னவோ எளிமையானதுதான். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை மேல்மாடியின் பெரிய அறைகளுக்குப் புதுப்பெட்டி போகும். அங்கே அதில் மணி பார்ப்பார்கள். அவர்களுடைய பழசு துறைத்தலைவர்களுக்கு வரும். அவர்களுடையது ஆய்வுக்கூடத்துக்கு, அங்கிருந்து மாணவர் கூடத்துக்கு, கடைசி மூச்சில் இருப்பது நேரே பஸ் ஷெட்டுக்கு. மூத்தவன் சட்டை இளையவனுக்கு வருவது போலத்தான். பையில் இருக்கும் காகிதங்களை எடுத்துவிட்டுக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்காக இரண்டு தாள். “எனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டேன்” என்று கொடுப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். “முழுவதும் அழித்ததாகச் சான்றளிக்கிறேன்” என்று ஸ்டிக்கர் போட வேண்டும்.

அக்காவின் பெட்டிக்கு இரண்டையுமே ஸ்டிக்கர் போட்டான். முதலாவது பொய். இரண்டாவதைப் பற்றிப் பிறகு.

இதைப் படித்துவிட்டு உடனே அவனைத் தூக்கில் போட்டுவிடாதீர்கள். அந்த வீட்டில் கையெழுத்து என்பது துண்டு மாதிரி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் துடைத்துக்கொள்ளலாம். ஏழாம் வகுப்பில் கணக்கில் அவன் பதினெட்டு வாங்கியபோது ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைப் போட்டுக் காப்பாற்றியவள் அக்கா. நன்றி மறவாத தம்பி, அவள் கையெழுத்தைக் கற்றுக்கொண்டு பல வருடம் அவளுக்காக விடுப்புக் கடிதம் எழுதினான். அவனுக்கு இந்த வேலை கிடைத்த அன்று, “ஆபீஸ் தாள்ல இந்த விளையாட்டு வேண்டாம்டா” என்று அக்கா சத்தியம் வாங்கினாள். அவன் சத்தியம் செய்தான். அவள் அதை நம்பிவிட்டாள்.

மறுநாள் காலை அக்கா ஸ்கூட்டர் சாவியை அவனிடம் நீட்டினாள்.

“நீ ஓட்டு.”

பதினோரு வருடமாக ஒரே ஸ்கூட்டர், ஒரே பல்கலைக்கழகம். அக்கா ஓட்டுவாள். தம்பி பின்னால் இரண்டு சாப்பாட்டுப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவான். சிக்னலில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். இருவருக்கும் அது பழகிவிட்டது. அதனால் சாவி கைக்கு வந்ததும் அவனுக்குப் பகீரென்றது.

“ஏன்க்கா, கை வலியா?”

“வாயை மூடிட்டு ஓட்டுடா.”

இரண்டு சிக்னலைப் பச்சையில் தாண்டினார்கள். மூன்றாவதில் சிவப்பு விழுந்தது.

“நாலு மணிக்கு ஒரு டாக்டர்கிட்ட நேரம் வாங்கியிருக்கேன். கூட வர்றியா?”

“என்ன டாக்டர்?”

“மூளை, நரம்பு.”

ஸ்கூட்டர் தானாகவே அணைந்தது.

“அம்மாவுக்கும் இப்படித்தானே ஆரம்பிச்சது? ஒரு தாளை நீட்டினா, இது நான் எழுதினதே இல்லன்னா. கடைசியில என்னைப் பார்த்து, நீ எந்த வீட்டுப் பொண்ணும்மான்னு கேட்டா.”

“அக்கா, அந்தப் பெட்டி...”

“பெட்டி போனா போகட்டும்டா. ஏழு வருஷம்தானே. மண்டையே போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

ஏழு வருஷம் என்று அவள் சொன்னது என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அக்கா தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர். மற்றவர்களின் ஆராய்ச்சிக்குக் குப்பி கழுவிக் கழுவி, ஒருநாள் நாமும் செய்தால் என்ன என்று தோன்றி, உப்பு மண்ணில் எந்த விதை முளைக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தாள். விடுமுறை, மழை, காய்ச்சல் எதுவும் பாராமல் தினமும் ஒவ்வொரு முளையையும் படம் எடுத்தாள். நாற்பத்துநான்கு வயதில் முனைவர் பட்டம். ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் பத்தே நாள். அசல் படங்களைக் காட்டு என்பார்கள். அசல் இருந்தது அந்தப் பழைய பெட்டியில் மட்டும். ஆய்வுக்கூடத்துக்கு வெள்ளையடித்து முடியட்டும், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்திருந்தாள்.

வெள்ளையடிப்புக்காக வராந்தாவில் வைத்த பெட்டி ஸ்டிக்கரின் கண்ணில் பட்டது. அக்கா மண் எடுக்க வெளியூர் போயிருந்தாள். அன்றைய கணக்கு முடிய அவனுக்கு ஒரு பெட்டி குறைந்தது. புதுப்பெட்டி வந்து ஒரு மாதம் ஆகிறதே, அக்கா எல்லாவற்றையும் எடுத்திருப்பாள் என்று நினைத்தான். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். கையெழுத்துப் போடுவது அதைவிடச் சீக்கிரம் முடிந்தது.

“மாமாகிட்ட சொன்னியா?” என்று கேட்டான். மாமா என்றால் அக்காவின் வீட்டுக்காரர், பல்கலைக்கழகப் பஸ்களுக்கு நேரம் போடுபவர்.

“அவர்கிட்ட சொன்னா எனக்கும் பஸ் மாதிரி அட்டவணை போட்டுடுவார். உளறி வைக்காதே.”

சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று ஸ்டிக்கருக்குத் தெரிந்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டான். பச்சை விழுந்தது. பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அந்த லாரிக்காரருக்கு மனதுக்குள் நன்றி சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

பத்து மணிக்கு இயக்குநர் எல்லோரையும் கூட்டினார். இவருக்கு மையத்தில் வைத்த பெயர் சுற்றறிக்கை. தன் குடை தொலைந்ததற்கே மூன்று பத்தியில் சுற்றறிக்கை விட்டவர்.

“ஐம்பது பெட்டி. நாலே வாரம். ஒரு புகார் கிடையாது. நம்ம ஸ்டிக்கரைப் பாருங்க! வெள்ளிக்கிழமை வேற பல்கலைக்கழகத்திலிருந்து நம்ம முறையைப் பார்த்துக் கத்துக்க வர்றாங்க.”

கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற பிரிண்டர்காரம்மா மட்டும் விரலை மடக்கி எதையோ எண்ணினாள்.

“ஒரு பெட்டியை ஒழுங்கா அழிக்க அஞ்சு மணி நேரம் ஆகும். ஐம்பது பெட்டின்னா... ஏம்ப்பா, நீ வீட்டுக்கே போறதில்லையா?”

“போறேனே.”

“அதானே கேட்கறேன்.”

இரண்டாவது பொய் இதுதான். முதல் பன்னிரண்டு பெட்டிகளை ஸ்டிக்கர் ஒழுங்காக அழித்தான். பதின்மூன்றாவதில் அலுத்துவிட்டது. அதற்குப் பிறகு வந்தவற்றுக்குப் புதிதாக ஒரு பயனர் பெயர் போட்டு, மேலே துடைத்து, பச்சை ஒட்டி அனுப்பிவிட்டான். உள்ளே கேள்வித்தாள்களும், மருத்துவச் சான்றுகளும், ஒரு துறைத்தலைவர் இன்னொரு துறைத்தலைவரைப் பற்றி எழுதிய கடிதங்களும் அப்படியே ஊர் சுற்றப் போய்விட்டன.

கூட்டம் முடிந்ததும் பதிவேட்டை எடுத்தான். அக்காவின் பெட்டி முதல் பன்னிரண்டுக்குள் இருந்தால் அவன் யோக்கியன், அவள் ஏழு வருடம் போச்சு. அதற்குப் பிறகு என்றால் அவன் அயோக்கியன், படங்கள் பத்திரம். பிறந்ததிலிருந்து முதல் முறையாக, தான் அயோக்கியனாக இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினான்.

வரிசை எண் முப்பத்தொன்று.

அப்பாடா என்று மூச்சு விட்டான். விட்ட மூச்சுக்கு வெட்கப்பட்டான். பிறகு எந்த இடத்துக்குப் போயிருக்கிறது என்று பார்த்தான். வாகனப் பிரிவு.

அதாவது, அக்காவின் வீட்டுக்காரர் மேசைக்கு.

பஸ் ஷெட்டுக்குப் பின்னால், பழைய டயர்களுக்கு நடுவே, டீசல் வாசத்தில் ஒரு தகரக் கூரை அறை. அங்கே மாமா பன்னிரண்டு நாளாக அந்தப் பெட்டியில் பஸ் நேரம் போட்டுக்கொண்டிருந்தார்.

“வா மாப்ள. பஸ் லேட்டுன்னு புகாரா? அதோ அந்த டப்பாவுல போடு.”

அவர் காட்டியது குப்பைத்தொட்டி.

ஸ்டிக்கரின் சட்டைப் பையில் ஒரு பென் டிரைவ் இருந்தது. திட்டம் இதுதான்: ஏதாவது பழுது பார்ப்பது போல உட்கார்ந்து படங்களை எடுத்துக்கொள்வது. அக்காவின் மேசை இழுப்பறையில் போட்டுவிடுவது. அவளே எப்போதோ எடுத்து வைத்ததாக நினைத்துக்கொள்ளட்டும். யாருக்கும் சேதாரம் இல்லை.

அப்போதுதான் திரையைப் பார்த்தான். திரை முழுக்க ஒரு முளை. வட்டக் கண்ணாடித் தட்டில் உப்பு பூத்த மண், அதைப் பிளந்துகொண்டு இரண்டே இலை. பக்கத்தில் ஒரு ஸ்கேல்.

“நல்லாயிருக்குல்ல?” என்றார் மாமா. “பெட்டியிலேயே இருந்துச்சு. இருபதாயிரம் படம் மாப்ள! எவனோ வேலைவெட்டி இல்லாதவன் தினம் உட்கார்ந்து புல்லைப் படம் புடிச்சிருக்கான். இது ஒண்ணு மட்டும் ஏதோ கண்ணுக்குக் குளிர்ச்சியா இருந்துச்சு, முன்னாடி வெச்சுக்கிட்டேன்.”

“மாமா, ஓரத்துல ஸ்கேலைப் பிடிச்சிருக்கற கட்டைவிரலைப் பாருங்க.”

மாமா கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். நகத்துக்குக் கீழே வெந்நீர் பட்ட தழும்பு, பிறை மாதிரி. பத்தொன்பது வருடமாகக் காலையில் அவருக்குத் தேநீர் நீட்டுகிற விரல்.

“அடப்பாவி” என்றார்.

யாரைச் சொன்னார் என்று ஸ்டிக்கர் கேட்கவில்லை.

“எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கேன்னு நினைச்சேன் மாப்ள.”

“ஏழு வருஷமா உங்களுக்குக் காட்டிட்டிருக்கா மாமா.”

“காட்டுவா. போனை நீட்டுவா. நான் ‘ம்’னு சொல்லுவேன்.” சற்று நேரம் முளையையே பார்த்தார். “நல்லாயிருக்குன்னு ஒரு தடவைகூடச் சொல்லலையே.”

பிறகு அவர் நிமிர்ந்து, இது இங்கே எப்படி வந்தது என்று கேட்டார். ஸ்டிக்கர் சொன்னான். கையெழுத்து, பச்சை ஸ்டிக்கர், அழிக்காத பெட்டிகள், ஒன்று விடாமல். வெளியே ஒரு பஸ்ஸை யாரோ பின்னால் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பாதி வாக்கியங்களைச் சத்தம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ள உகந்த இடம் பஸ் ஷெட் அல்ல.

“அவகிட்ட சொல்லிட்டியா?”

“இல்ல. மாமா... அக்கா இன்னிக்கு நாலு மணிக்கு டாக்டர்கிட்ட போறா. அம்மாவுக்கு வந்த மாதிரி தனக்கும் மறதி வந்துடுச்சுன்னு நினைக்கறா.”

மாமாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது.

“என்கிட்ட சொல்லலையே.”

ஸ்டிக்கர் பென் டிரைவை எடுத்துக் காட்டித் திட்டத்தைச் சொன்னான். மாமா முழுவதும் கேட்டார்.

“அவளே எடுத்து வெச்சதா நினைச்சுக்குவாளா?”

“ஆமா மாமா.”

“அதாவது, எடுத்து வெச்சதையும் மறந்துட்டதா நினைச்சுக்குவா.”

ஸ்டிக்கர் பென் டிரைவைப் பையில் போட்டுக்கொண்டான். தான் எவ்வளவு பெரிய புத்திசாலி என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது.

“நாலு மணிக்கு முன்னாடி சொல்லிடு” என்றார் மாமா. “நான் வரல. அவளா சொல்ற வரைக்கும் எனக்கு எதுவும் தெரியாது. ஆமா, அந்த சிவப்பு ஸ்டிக்கர் கையில வெச்சிருக்கியா?”

கொடுத்தான். மாமா அதைப் பெட்டியின் நெற்றியில் நேராக ஒட்டி, கட்டைவிரலால் நாலு மூலையையும் அழுத்தினார். பிறகு கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு, ஒரு நோட்டை எடுத்து மதிய பஸ் நேரங்களைக் கையால் எழுத ஆரம்பித்தார்.

மூன்றே முக்காலுக்கு இருவரும் டாக்டர் அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். டோக்கன் ஒன்பது. உள்ளே ஏழு. எட்டு போனதும் சொல்லிவிடலாம் என்று ஸ்டிக்கர் தனக்குள் தீர்மானித்தான். எட்டு போனது. எட்டு உட்கார்ந்து வசதியாகப் பேச ஆரம்பிக்கட்டும் என்று காத்திருந்தான்.

“ஏன்டா காலை ஆட்டற?”

“அக்கா, அந்தக் கையெழுத்து நான் போட்டது.”

அவள் திரும்பவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த, கை கழுவும் முறையை விளக்கும் படத்தையே பார்த்தாள்.

“எந்தக் கையெழுத்து?”

“பெட்டிக்கு. நீ வெளியூர் போயிருந்தப்ப.”

“அப்ப நான் போடலையா?”

“இல்லக்கா.”

“நிஜமா? எனக்காகச் சொல்லலையே?”

திட்டுவாள் என்று தயாராக வந்திருந்தான். அறைவாள் என்றுகூட. அவள் முகத்தில் வந்ததோ சந்தோஷம். பரீட்சையில் பாஸ் என்று கேட்ட குழந்தை முகம். அதைத்தான் அவனால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டான். குனிந்தது அவளுக்கு வசதியாகப் போனது. கையிலிருந்த ஃபைலைச் சுருட்டி மண்டையிலேயே மூன்று போட்டாள். டோக்கன் கொடுக்கும் பெண் எட்டிப் பார்த்தாள்.

“சத்தியம் பண்ணினியேடா நாயே! நேத்து ராத்திரி பூரா அம்மாவோட முகத்தையே பார்த்துட்டுக் கிடந்தேன்டா.”

“தெரியும்க்கா.”

“என்ன தெரியும் உனக்கு?”

படங்கள் பத்திரமாக இருப்பதை அவன் சொன்னான். மாமா மேசையில் இருப்பதையும். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள்.

“அழிச்சாச்சுன்னு உன் சான்று இருக்கே. எப்படி இருக்கும்?”

“அதுவும் பொய்.”

“எத்தனை பெட்டி?”

“முப்பத்தெட்டு.”

அக்கா ஆய்வுக்கூடக் குரலுக்கு வந்தாள். “அப்ப இதைக் கேளு. அழிச்சாச்சுன்னு சான்று இருக்கற பெட்டியிலிருந்து நான் அசலைக் கொண்டுவந்து வெச்சா, இதெல்லாம் எங்கிருந்தும்மா முளைச்சதுன்னு கேட்பாங்க. என் ஏழு வருஷமும் பித்தலாட்டம்னு ஆயிடும். நீ அழிக்கலைன்னு நீயே எழுதிக் கொடுக்கணும். சுற்றறிக்கைக்கு. முப்பத்தெட்டுக்கும் சேர்த்து.”

“வெள்ளிக்கிழமை பார்க்க வர்றாங்கக்கா.”

“வந்து பார்க்கட்டும்.”

“வேலை போயிடலாம்.”

“போகலாம்” என்றாள். குரலில் கடுமை இல்லை. “உன் பேர்ல எழுது. உன் கையெழுத்தைப் போடு. அது எப்படி இருக்கும்னு ஞாபகம் இருக்குல்ல?”

“ஒன்பது!” என்று கூப்பிட்டாள் டோக்கன் பெண்.

ஸ்டிக்கர் எழுந்தான். நெஞ்சு லேசாகியிருந்தது. “வாக்கா, வீட்டுக்குப் போலாம். இனிமே டாக்டர் எதுக்கு?”

அக்கா எழுந்து, உடையை நீவிவிட்டுக்கொண்டாள். அவனை ஒரு நிமிடம் பார்த்தாள். கைப்பையை அவன் கையில் திணித்தாள்.

“பேனா உள்ளே இருக்கு. தாளும் இருக்கும்” என்று சொல்லிவிட்டுக் கதவைத் தள்ளி உள்ளே போனாள்.

அவன் பையைத் துழாவினான். பேனா கிடைத்தது. நாலாக மடித்த தாள் ஒன்றும் வந்தது. பிரித்தான். அக்காவின் குண்டு எழுத்து. மேலே “டாக்டரிடம் சொல்ல வேண்டியவை” என்று அடிக்கோடு. அதை எடுத்துக்கொள்ளாமலேயே உள்ளே போயிருக்கிறாள்.

1. பழைய கம்ப்யூட்டர் படிவம். கையெழுத்துப் போட்டது நினைவில்லை.

2. ஆய்வுக்கூடச் சாவி குளிர்பெட்டிக்குள் இருந்தது.

3. நூலகத்தில் என் பெயரில் ஒரு புத்தகம் எடுத்ததாக இருக்கிறது. வாங்கிய நினைவே இல்லை.

ஸ்டிக்கர் முதலாவதை அடித்தான். மூன்றாவதையும் அடித்தான். அந்தப் புத்தகம் அவன் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கிறது. அதற்கும் கையெழுத்துப் போட்டது அவன்தான். சாவி யாருக்கும் நடப்பது. பிறகு நான்காவதைப் படித்தான்.

4. போன புதன், தனியாக வீட்டுக்குக் கிளம்பினேன். ஒன்பது வருடம் முன்பு காலி செய்த பழைய வீட்டுக்குப் போய்விட்டேன். பூட்டில் சாவியைப் போட்டுப் பார்த்தேன். ஏன் திறக்கவில்லை என்று கொஞ்ச நேரம் புரியவில்லை.

ஸ்கூட்டர் சாவி அவன் கால்சட்டைப் பையில் தொடையைக் குத்திக்கொண்டிருந்தது. புதன்கிழமை, “ஸ்டிக்கர் ஒட்டற வேலை இருக்குக்கா, நீ போ” என்று அவளைத் தனியாக அனுப்பியது நினைவுக்கு வந்தது.

நான்காவது வரியின் மேல் பேனாவை வைத்தபடி, இதையும் தானே செய்திருக்கக் கூடாதா என்று யோசித்துப் பார்த்தான். எப்படி யோசித்தாலும் அது அவன் வேலையாக வரவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் டாக்டர் ஏதோ கேட்டார். அக்காவின் பதிலுக்காக ஸ்டிக்கர் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான்.